ரத்தத்துக்கு வந்த இன்ஸ்பெக்‌ஷன்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கதவோரம் இருக்கிறவளும் உள்ளே நகர்ந்து வா. அங்கே இருந்தால் பாதிப் பேச்சைக் காற்று கொண்டு போய்விடும். ஒரு மாமியாருடைய கதை சொல்லப்போகிறேன். மாமியார் என்றதும் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டாம். இந்த மாமியார் மருமகளை அடித்ததில்லை, வைததில்லை, பட்டினி போட்டதில்லை. இல்லை, பட்டினி போட்டாள். அது பின்னால் வருகிறது. அதையும் பாசத்தோடுதான் போட்டாள்.

தச்சநல்லூரில் சுடலைவடிவு டீச்சர் என்று ஒருத்தி இருந்தாள். ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை. கெட்டிக்காரி. அவள் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் நடக்கிற அழகைப் பார்க்க வேண்டும். அதிகாரி நாளைக்கு வருகிறார் என்றால் இன்றைக்கே சுண்ணாம்பு வாளி இறங்கிவிடும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் முன் பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகளுக்கு, என்ன மாயமோ, சரியாக அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் வரும். அதிகாரி எந்த வாய்ப்பாட்டைக் கேட்கப்போகிறார் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே மூன்றாம் வகுப்புக்குத் தெரிந்திருக்கும். அவர் மெச்சிவிட்டுப் போன மறுநாள் எல்லாரும் அவரவர் பெஞ்சுக்குத் திரும்புவார்கள். காய்ச்சலும் விட்டுவிடும். இதைப் பொய் என்று டீச்சர் ஒருநாளும் நினைத்ததில்லை. விருந்தாள் வருகிறபோது வீட்டைப் பெருக்கி வைப்பது பொய்யா என்று கேட்பாள்.

அவளுக்கு ஒரே மகன், செந்தில்முருகன். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தான். இரும்பை மயிரிழை பிசகாமல் கடைவான், பேச்சு வராது. அவன் மனைவி பொன்செல்வி உடன்குடிக்காரி. அவளுடைய அப்பா முத்துமாலை கருப்பட்டி வியாபாரி. மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மாதம் தவறாமல் ஓலைப்பெட்டியில் கருப்பட்டி வந்துகொண்டே இருந்தது.

நான் சொல்கிற சமயத்தில் பொன்செல்வி இரண்டாவது தடவையாக முழுகாமல் இருந்தாள். தொண்ணூற்றாறாம் வருஷம். முதல் தடவை நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்கு இது விளங்கும்.

முதல் தடவை அவளுக்கு நல்ல பெரிய வயிறு. ஏழாம் மாதத்திலேயே ஒன்பது மாதத்து வயிறு மாதிரி இருக்கும். தெருவே மெச்சியது. "உள்ள இருக்கது பயில்வானுல்லா" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். டீச்சருக்குப் பெருமை தாங்காது. ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் காலையில் உள்ளே அசைவு நின்றுவிட்டது. பிள்ளை கொழுகொழுவென்று, கன்னம் உப்பி, கை மடிப்பு கால் மடிப்போடு பிறந்தது. உயிர்தான் இல்லை. அத்தனை போஷாக்கான பிள்ளை ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை. கண் பட்டுவிட்டது என்று ஊர் முடிவுசெய்தது. பொன்செல்வி பழைய சேலைகளைக் கிழித்து மடித்து வைத்திருந்த பிள்ளைத் துணிகளை எடுத்துத் தகரப்பெட்டியின் அடியில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்தப் பிள்ளை உயிரோடு கைக்கு வரவேண்டும். அவளுக்கு அப்போது வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

டீச்சருக்கும் அதுதான் வேண்டும். அதில் குறை சொல்வதற்கில்லை. அதனால் அவள் இரண்டு தீர்மானம் எடுத்தாள். ஒன்று, வயிற்றை வெளியாட்கள் கண்ணில் காட்டுவதில்லை. இரண்டு, போன தடவை போட்டதைவிடக் கூடுதலாகச் சாப்பாடு போடுவது. காலையில் உளுந்தங்களி, நடுவில் குழி தோண்டி நல்லெண்ணெய், மேலே கருப்பட்டிப் பாகு. மத்தியானம் சோற்று மலை. சாயங்காலம் பால் கொழுக்கட்டை. படுக்கப்போகும்போது பனங்கற்கண்டு போட்ட பால். சீனி மட்டும் அந்த வீட்டில் கிடையாது. சீனி உடம்புக்கு ஆகாது என்பது டீச்சர் கட்சி. கருப்பட்டியை அவள் அந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை. அது மருந்து.

ஐந்தாம் மாதத்தில் பாளையங்கோட்டையில் ஜமீலா பீவி என்ற டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, போன பிள்ளை என்ன எடை என்று கேட்டார்.

"நாலு கிலோவுக்கு மேல டாக்டர்," என்றாள் டீச்சர். "ஆஸ்பத்திரி நர்ஸ்மாரெல்லாம் தூக்கித் தூக்கிப் பாத்துட்டுப் போனாவ."

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. பொன்செல்வி அதைக் கவனித்தாள். இந்தக் கேள்வியை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை.

"ரத்தத்துல சீனி இருக்கான்னு பாக்கணும் டீச்சர். வெறும் வயித்துல ஒருக்க எடுக்கணும், சாப்பிட்டுட்டு ஒருக்க எடுக்கணும். வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் என்று டீச்சர் காதில் விழுந்தது. அவளுக்கு வேறு எப்படி விழும்? செவ்வாயிலிருந்தே வீட்டில் வேலை தொடங்கிவிட்டது. களி நின்றது. பாகற்காயை இடித்துப் பிழிந்த சாறு வந்தது. வேப்பம்பூ ரசம் வந்தது. சாப்பிட்டுவிட்டு எடுக்கிற ரத்தத்துக்கு முன்னால் சாப்பாடு என்ற பேரில் ஒரு கிண்ணம் முருங்கைக்கீரைத் தண்ணீர் கொடுத்தாள். பொன்செல்வியின் ரத்தம் முன் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னது.

"ஒண்ணும் இல்லன்னு வந்திருக்கு, நல்லது," என்றார் டாக்டர். ஆனாலும் காகிதத்தைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே பால் கொழுக்கட்டை திரும்ப வந்தது. பாஸ் ஆன சந்தோஷத்தில் டீச்சர் தேங்காய்ப் பாலைக் கொஞ்சம் கெட்டியாகவே விட்டிருந்தாள்.

பொன்செல்விக்கு மட்டும் தாகம் எடுத்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒருநாள் புருஷன் பட்டறைக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்திச் சொன்னாள்.

"இங்கேருங்க, தாகமா எடுக்கு. போன தடவையும் இதே மாதிரிதான் எடுத்துச்சு."

"அம்மாட்ட சொன்னியா?"

"சொன்னேன். பனங்கற்கண்டு போட்டுப் பால் தந்தாவ."

செந்தில்முருகன் சைக்கிள் பெல்லைத் தேவையில்லாமல் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுப் போனான். அவன் விசாரப்படுகிறான் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆறாம் மாதம் முடியப்போகிற சமயம், டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பிள்ளை மாதத்துக்கு மீறி வளர்ந்திருந்தது. பனிக்குடத்து நீரும் கூடுதல். டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. டாக்டருக்கு மலரவில்லை.

"இன்னொரு டெஸ்ட் வேணும். மூணு நாளைக்கு வழக்கம்போல சாப்பிடணும். சோத்தைக் குறைக்கவே கூடாது, கேட்டியளா? அதுக்கு மறுநா காலையில வெறும் வயித்தோட வாங்க. இங்கன குளுக்கோஸ் கரைச்சுத் தருவோம். அதைக் குடிச்சிட்டு மணிக்கு ஒருக்க ரத்தம் எடுக்கணும்."

திரும்பும்போது பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறியதும் டீச்சர் வாயைத் திறந்தாள். கீழே தாமிரபரணியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

"சீனி இருக்கான்னு பாக்கணுமாம். அதுக்குச் சீனித்தண்ணியைக் குடுப்பாளாம். களவாணியைப் பிடிக்கதுக்கு வீட்டு வாசலைத் திறந்து போட்டுட்டு உக்காந்திருக்க மாதிரியில்லா இருக்கு."

"மூணு நாளும் ஒழுங்கா சாப்பிடச் சொல்லியிருக்காவ அத்தை."

"ஏட்டி, எங்க அதிகாரி கூடத்தான் சொல்லுவாரு. 'எனக்காக எதையும் மாத்தாதீங்க டீச்சர், இருக்கிறபடி இருக்கட்டும்'பாரு. அதை நம்பி அப்படியே விட்டா, பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிட்டுல்லா போவாரு."

ஆக மூன்று நாளும் சோறு கிடையாது. பாகற்காய்ச் சாறு, கொள்ளு ரசம், வெந்தயத் தண்ணீர். பொன்செல்வி நடந்தால் தலை சுற்றியது. வயிற்றுப் பிள்ளை பசியில் உதைக்கிறதா, கோபத்தில் உதைக்கிறதா என்று தெரியவில்லை. மாமியாரும் அந்த மூன்று நாளும் சோறு தொடவில்லை. மருமகள் பட்டினி கிடக்கும்போது தனக்கு எப்படி இறங்கும் என்று சொல்லிவிட்டாள். நான்தான் சொன்னேனே, பாசத்தோடு என்று.

டெஸ்ட் அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் பொன்செல்வி மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தத் தித்திப்புத் தண்ணீரைக் குடித்தாள். மணிக்கொரு தரம் ஊசி குத்தினார்கள். டீச்சர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, திருச்செந்தூர் முருகனுக்குப் பால்குடம் நேர்ந்தாள். மத்தியானம் டாக்டர் உள்ளே கூப்பிட்டு, காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"ரொம்பக் கூடுதலா இருக்கு டீச்சர்."

"இருக்காது."

"இருக்கே. இந்தா பாருங்க."

"மிஷினு தப்பு டாக்டர்." டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "வேற யாரு ரத்தமோ கலந்திருக்கும். மூணு நாளா இவ வாயில ஒரு பருக்கை சோறு படல. பாவக்காய்ச் சாறும் கொள்ளு ரசமும்தான். நான் கண்ணால பாத்துப் பாத்துக் குடுத்திருக்கேன். அப்புறம் எங்கன இருந்து வரும் சீனி?"

பார்த்தீர்களா, ஊரில் எந்த அதிகாரியாலும் வாங்க முடியாத வாக்குமூலத்தை அவளே மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டாள். அதுவும் நியாயம் கேட்கிற தோரணையில்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு நாள் பட்டினி போட்டுட்டு இந்தத் தண்ணியைக் குடுத்தா உடம்பு திணறிப்போகும் டீச்சர். இருக்கதைவிடக் கூட்டித்தான் காட்டும். அதுக்குத்தான் ஒழுங்கா சாப்பிடச் சொன்னேன். இந்த ரிசல்ட் செல்லாது."

"பாத்தியா, செல்லாதுன்னுட்டாவ," என்று டீச்சர் மருமகளைப் பார்த்துத் தெம்பாகச் சொன்னாள்.

"அப்ப முதல்ல எடுத்தமே, அதுக்கும் இப்படித்தான் பட்டினியா?" என்று கேட்டார் டாக்டர்.

டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் ஒன்றும் இல்லை. பதில் பொன்செல்வியிடமிருந்து வந்தது. அவள் அதுவரைக்கும் டாக்டரிடம் தானாக ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

"ஆமா டாக்டர். அதுக்கும் பாவக்காய்தான். அன்னைக்குச் சாயங்காலமே கொழுக்கட்டை தின்னேன். தாகம் நிக்கவே மாட்டேங்கு. போன பிள்ளைக்கும் இப்படித்தான் எடுத்துச்சு. அந்தப் பிள்ளைக்காக நான் வாயைத் திறக்கல. இதுக்குச் சொல்லுதேன்."

டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து அவளிடம் கொடுத்தார். டீச்சர் விடவில்லை.

"எங்க வம்சத்துல யாருக்கும் சீனி கிடையாது டாக்டர். உடன்குடியில இருந்து வந்திருந்தாத்தான் உண்டு. நாளைக்கு இவளைச் சீனிக்காரின்னு சொக்காரங்க பங்காளிங்க சொல்ல ஆரம்பிச்சா, நான் தெருவுல தலை நிமிந்து நடக்க முடியுமா?"

டாக்டர் மேலப்பாளையத்துக்காரர். அவர் குடும்பத்துக்கு வாய்க்கால் பாசனத்தில் வயல் உண்டு. அதனால் புரிகிற மாதிரி சொன்னார். தாயின் உடம்பை மேல்மடை வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் கடைமடை வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் மாதிரி ரத்தத்தில் சீனி ஓடுகிறது. நாம் தின்கிற சோறும் களியும் கருப்பட்டியும் எல்லாம் உள்ளே போனதும் அந்தச் சீனியாகத்தான் மாறும். மற்ற நாளில் மேல்மடை வேண்டியதை எடுத்துக்கொள்ளும். பிள்ளை உண்டான பிறகு, நஞ்சுக்கொடி வந்து உட்கார்ந்துகொண்டு மேல்மடையைப் பாதி அடைக்கிறது. தாய் உடம்பே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டால் கடைமடைக்குப் போய்ச் சேராதே என்று அதற்குக் கவலை. மாதம் ஏற ஏற இன்னும் இறுக்கி அடைக்கும். மடையைத் திறந்துவிடுகிற ஆள் இன்சுலின். அடைப்பு கூடக்கூட, திறக்கிற ஆட்களையும் தாய் உடம்பு கூட்ட வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் கூட்டிக்கொள்ளும். சிலருக்குக் கூட்ட முடியாது. அப்போது வாய்க்கால் நிரம்பித் ததும்பும். கடைமடை வயல் முங்கிப் போகும்.

"முங்கின வயலு தூரத்துல இருந்து பாத்தா நிறைஞ்ச வயலு மாதிரித்தான் தெரியும் டீச்சர்," என்றார் டாக்டர். "போன பிள்ளையோட கொழுப்பு அப்படித்தான் இருந்திருக்கும். அன்னைக்கு யாரும் ரத்தம் பாக்கல, அதனால இதுதான்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கு."

பொன்செல்வி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப தப்பு அந்த நஞ்சுக்கொடி மேலயா?" என்றாள் டீச்சர். யார்மேலாவது தப்பு இருந்தாக வேண்டும் அவளுக்கு.

"தப்புன்னு இல்ல. அது வேலையை அது செய்யுது. அது பிள்ளையோட சேந்து வளருதது. பிள்ளையில பாதி உங்க மகன் குடுத்ததுல்லா? சீனி எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, தச்சநல்லூரையும் சேத்துத்தான் சொல்லணும்."

டீச்சர் வம்சத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசவில்லை.

மறுபடியும் மூன்று நாள். இந்தத் தடவை பொன்செல்வி அடுப்படியில் வந்து நின்றுகொண்டாள். டீச்சர் கையை இறுக்கிக் கொஞ்சமாகக் களி எடுத்து வைத்தாள்.

"இன்னும் வைங்க அத்தை. எப்பவும் வைக்க மாதிரி. எண்ணெயும் அந்த அளவே ஊத்துங்க."

"வேணும்னே பெயிலாகப் போறியாட்டி?"

"ஆமா. பெயிலானாத்தான அவிய மருந்து தருவாவ."

முப்பது வருஷத்துப் பள்ளிக்கூட அனுபவத்தில் இப்படி ஒரு மாணவியை டீச்சர் பார்த்ததில்லை. கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு களி தட்டில் விழுந்தது, வழக்கமான மலையாகவே. பொன்செல்வி அதை அழுதுகொண்டே தின்றாள். பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்த பிறகு அதைத் தின்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

உண்மையான டெஸ்டில் உண்மையான பதில் வந்தது. சீனி இருந்தது. சாப்பாட்டை அளந்து சாப்பிட வேண்டும், சாயங்காலம் நடக்க வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

இந்த நேரம் பார்த்து உடன்குடியிலிருந்து முத்துமாலை ஓலைப்பெட்டியோடு வந்து இறங்கினார். மகள் விஷயத்தைச் சொன்னாள். அவருக்குச் சீனி என்றதுகூடப் பெரிதாகப் படவில்லை.

"கருப்பட்டியும் ஆகாதுன்னா சொன்னாவ?"

"ஆமாப்பா. உள்ள போனா எல்லாம் ஒண்ணுதானாம்."

"அதெப்படி தாயி. அது மருந்துல்லா. நம்ம கடையில டாக்டர்மாரே வந்து வாங்கிட்டுப் போறாவ."

"நானும் அதைத்தான் சொல்லுதேன் சம்பந்தி," என்றாள் டீச்சர். "எவ்வளவோ சொல்லிப் பாத்தாச்சு. கேக்க மாட்டேங்காவ."

கல்யாணச் சீர் பேசின நாளிலிருந்து ஒன்றிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர், அன்றைக்கு ஒரு பெட்டிக் கருப்பட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒருமனதாக வருத்தப்பட்டார்கள். போகும்போது முத்துமாலை பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, மகள் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

ஊசி போடுகிற வேலை முதலில் செந்தில்முருகனுக்கு வந்தது. மயிரிழை பிசகாமல் இரும்பு கடைகிறவனுக்கு மனைவியின் தோலைப் பார்த்ததும் கை ஆடியது. அவள் அவன் கையிலிருந்து வாங்கித் தானே போட்டுக்கொண்டாள். மருந்துக் குப்பியைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். எதிர்வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது. ஆனால் எதிர்வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் அது தச்சநல்லூர் முழுக்க வைத்த மாதிரி. அதனால் டீச்சர் ஈர மணலை ஒரு புதுப்பானையில் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, குப்பியை உள்ளே வைத்து, மேலே ஈரத்துணி கட்டினாள். பகலில் துணி காயவிடமாட்டாள். பாகற்காய்ச் சாற்றை மட்டும் அவள் கைவிடவில்லை. இன்சுலினுக்குத் துணையாக அதுவும் இருக்கட்டும் என்றாள். டாக்டரும், அளவாக இருந்தால் சரி, சாப்பாடு மட்டும் வேளை தவறக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

வளைகாப்பு வந்தது. அதுதான் பெரிய கண்டம். நம் பக்கத்து வளைகாப்பு உங்களுக்குத் தெரியாததா? வளையல் போடுகிற ஒவ்வொருத்தியும் வாயில் ஓர் இனிப்பை ஊட்டாமல் நகரமாட்டாள். சொக்காரர் வீட்டுப் பெண்கள் அதிரசமும் லட்டும் முந்திரிக்கொத்துமாக வந்து இறங்கினார்கள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் சீனிக்காரி என்ற பேர் வரும்.

டீச்சர் தன் வித்தையை எல்லாம் அன்றைக்கு இறக்கினாள். பொன்செல்விக்கு முன்னால் தாம்பாளத்தில் இனிப்பைக் கோபுரமாக அடுக்கி, பக்கத்தில் தான் நின்றுகொண்டாள். யாராவது ஊட்ட வந்தால், "வாயில தொட்டாப் போதும், அவளுக்கு எதுக்களிக்கு" என்று சொல்லிக்கொண்டே பண்டத்தை வாங்கி மூடின பாத்திரத்துக்குள் போட்டாள். வெள்ளரிப் பிஞ்சும் அவித்த கடலையும் அவள் மடியிலிருந்து யாருக்கும் தெரியாமல் மருமகள் கைக்குப் போனது. சொர்ணாம்பாள் என்று ஒருத்தி, டீச்சருக்கு அண்ணன் பெண்டாட்டி, அவள் மட்டும் லட்டோடு நகராமல் நின்றாள்.

"என்ன வடிவு, பிள்ளையைத் திங்கவிடாம பண்ணுத. ரெண்டு பேரு சாப்பாடுல்லா இவ சாப்பிடணும்."

"அந்த ரெண்டாவது ஆளுதான் வேண்டாங்கு மயினி. நான் என்ன செய்ய?"

"உள்ள இருந்து சொல்லுதாக்கும்."

"உதைச்சுச் சொல்லுது. வேணும்னா கையை வச்சுப் பாருங்க."

சொர்ணாம்பாள் கையை வைத்தாள். நல்ல வேளையாக உள்ளே ஓர் உதை விழுந்தது. அவள் லட்டைத் தானே தின்றுவிட்டுப் போனாள். பொன்செல்விக்கு அந்த வருஷத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. வளையல்கள் சத்தம் போட, முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

வளைகாப்புக்குப் பிறகு அம்மா வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவளைத் தச்சநல்லூரிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பொன்செல்வி பேச்சைக் குறைத்துவிட்டாள். வேலை செய்கிறபோதும் ஒரு கை வயிற்றின்மேலேயே இருக்கும். கொஞ்ச நேரம் அசைவு இல்லையென்றால் இடதுபக்கமாகப் படுத்துக்கொண்டு காத்திருப்பாள். அப்போது டீச்சரும் கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவாள். உள்ளே ஓர் அசைவு வந்ததும் இரண்டு பேரும் எழுந்து அவரவர் வேலைக்குப் போவார்கள்.

தேதி வரைக்கும் விட்டுவைக்க வேண்டாம் என்று டாக்டர் முன்னாலேயே சேர்த்துக்கொண்டார். ஒரு காலைப்பொழுதில் பெண்பிள்ளை பிறந்தது. போன பிள்ளை அளவு எடை இல்லை. கன்னம் உப்பவில்லை. கத்திக்கொண்டு வந்தது.

பிள்ளையோடு நஞ்சுக்கொடியும் வெளியே வந்துவிட்டது. மடையை அடைத்த ஆள் போய்விட்டார். மறுநாள் பொன்செல்வியின் ரத்தத்தைப் பார்த்தால் சீனி பழைய அளவுக்கு இறங்கியிருந்தது. இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒருதடவை வந்த உடம்புக்குப் பின்னால் திரும்ப வரலாம், அடுத்த மாதம் ஒருமுறையும் அதற்கப்புறம் வருஷா வருஷமும் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பொன்செல்வி தலையாட்டினாள். டீச்சர் அதைக் காதில் வாங்கவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பாகற்காயின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை உண்டானவர்களுக்குச் சீனி ஏறுவதைப் பற்றி அவள் எல்லாருக்கும் விளக்கமாகச் சொன்னாள். சீனியே இல்லை என்று வாதாடின வாய், அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி பேசியது.

பிள்ளைக்கும் சீனி பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்தவரைக்கும் தாயிடமிருந்து தாராளமாக வந்து பழகின உடம்பு. தொப்புள்கொடி அறுந்ததும் சீனி திடீரென்று குறைந்துவிடுமாம். அதனால் பால் கொடுப்பதும், குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதுமாக இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பிள்ளை வீறிட்டு அழுதது.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. நர்ஸ் மறுபடியும் ஊசியோடு வந்ததும் எழுந்து குறுக்கே நின்றாள்.

"பச்சப்பிள்ளை காலை என்ன சல்லடையாக்கப் போறியளா? தொண்டை கட்டிப்போயிட்டு. ஆராவது பிள்ளையை இப்படி அழவிடுவாவளா?"

"விடுங்க அத்தை," என்றாள் பொன்செல்வி. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. "அழட்டும். கேட்டுட்டு இருக்கேன்."

டீச்சர் நர்ஸுக்கு வழி விட்டாள். அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அவளும் கேட்டாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போங்கள், உங்களுக்கும் வேலை கிடக்கும். உங்கள் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளைகள் எல்லாம் தெரு எழுந்திருக்கிற மாதிரி கத்திக்கொண்டு வந்து பிறக்கட்டும். அவர்களைப் பெற்றவள் சொல்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் உங்கள் வீட்டில் காது இருக்கட்டும். தின்கிற சோறு உடம்பில் ஒட்டட்டும், கட்டின தொட்டில் கயிறு ஓயாமல் ஆடட்டும், சிரிப்புக்குக் குறைவில்லாமல் நன்றாக இருங்கள்.